உழவனைச் சிறுமி பார்க்கிறாள்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் செவ்வியல் துறையில், அதாவது பழைய கிரேக்க, ரோமானியப் படிப்பில், முதலாம் ஆண்டு படிக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்தேன். பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தோம். நான் படித்த அரசுப் பள்ளியில் லத்தீன் பாடம் கிடையாது. ரோமானிய வரலாற்றின் மேலிருந்த ஆசையில் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். லத்தீனை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறவர்களுக்கான பிரிவில் இருக்கிறேன். ஆறு வாரமாகிறது. சென்ற வாரத் தேர்வில் நூற்றுக்கு 38 வாங்கினேன். எங்கள் விடுதியிலேயே ஏழு ஆண்டுகள் லத்தீன் படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். மொழியை விட்டுவிட்டு, இலக்கியத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் படிக்கும் பட்டத்துக்கு மாறிவிடு என்கிறார்கள் தோழிகள். இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று அம்மா கேட்கிறார். திருத்தி வந்த விடைத்தாளின் படத்தை இணைத்திருக்கிறேன். நான் மாறிவிடவா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மாற வேண்டாம். குறைந்தது ஈஸ்டர் விடுமுறை வரையாவது பொறுங்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய விடைத்தாளை இரண்டு முறை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். இருபத்தோரு ஆண்டுகளாக இங்கே லத்தீன் தொடக்க வகுப்புகளை எடுத்து வருகிறேன். நாற்பதுக்குக் கீழே மதிப்பெண் வாங்கிய விடைத்தாள்கள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. சிலவற்றில் உழைப்பே இருக்காது. உங்கள் தாளில் சொற்களின் பொருள் ஒன்றுகூடத் தவறவில்லை. தவறியவை எல்லாம் விகுதிகள்.

மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். "அக்ரிகொலம் புவெல்ல விதெத்." உழவன் சிறுமியைப் பார்க்கிறான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். அக்ரிகொல என்றால் உழவன், புவெல்ல என்றால் சிறுமி, விதெத் என்றால் பார்க்கிறான் அல்லது பார்க்கிறாள். மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அக்ரிகொலம் என்ற சொல்லின் கடைசியில் ஒரு "ம்" நிற்கிறதே, அதுதான் நம்முடைய "ஐ". உழவனைச் சிறுமி பார்க்கிறாள். இந்த மூன்று சொற்களையும் உங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் இதே வரிசையில் சொல்லிப் பாருங்கள். யார் யாரைப் பார்ப்பது என்பதில் அதற்குக் குழப்பமே வராது. முதலில் வந்த சொல்தான் எழுவாய் என்று தமிழ்ப் பிள்ளை ஒருநாளும் நினைக்காது. நீங்கள் நினைத்திருக்கிறீர்கள், ஏனென்றால் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தின் வழியாகப் படித்திருக்கிறீர்கள். உங்கள் பாடநூல் ஆங்கிலத்தில், ஆசிரியர் பேசுவது ஆங்கிலத்தில், விடை எழுதுவதும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்துக்கு வேற்றுமை உருபு அநேகமாகக் கிடையாது. சொல்லின் இடம்தான் எல்லாம். லத்தீனுக்கும் தமிழுக்கும் நடுவில் அதைக் கொண்டுபோய் வைத்தால், இரண்டு பக்கமும் இருக்கிற உருபு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

நான் லத்தீன் கற்றது தமிழ்நாட்டில், ஒரு சிறு குருமடத்தில். குருவாகவில்லை, லத்தீன் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அங்கே பாடம் எடுத்த வயதான சாமியார் ஒரு நாள் கரும்பலகையில் "அர்ம விரும்க்வெ கனோ" என்று எழுதினார். வெர்கிலியுஸ் என்ற வர்ஜில் பாடிய ஈனெய்ட் காவியத்தின் முதல் மூன்று சொற்கள். இரண்டாவது சொல்லின் கடைசியில் இருந்த "க்வெ"யை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "இப்போது என்ன?" என்றார். "வீரனை" என்றோம். கையை எடுத்துவிட்டு, "இப்போது?" என்றார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாக, "வீரனையும்" என்றான். சாமியார் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

படைக்கலங்களையும் வீரனையும் பாடுகிறேன். செயப்படுபொருள் முன்னே, வினை கடைசியில், "நான்" என்ற சொல்லே இல்லாமல் "கனோ"வின் விகுதிக்குள் அடக்கம். சொல் வரிசையை மாற்றாமல் அப்படியே தமிழில் வைக்க முடிகிறது. நாம் "உம்"மை இரண்டு சொல்லிலும் சேர்க்கிறோம், அவர்கள் "க்வெ"யை இரண்டாவதில் மட்டும் சேர்க்கிறார்கள், அவ்வளவே வேறுபாடு. கேள்விக்கும் இப்படித்தான். "வெனீஸ்" என்றால் வருகிறாய், "வெனீஸ்னெ" என்றால் வருகிறாயா. நம் "ஆ" இருக்கிற இடத்தில் அவர்களுடைய "னெ" இருக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவு ஒன்றும் இல்லை. லத்தீன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம். இந்த ஒற்றுமையைக் கொண்டு யாரும் உறவு கற்பிக்கவும் வேண்டாம். ஆனால் படிக்கிற கண்ணுக்கு இது பெரிய உதவி. சொல்லின் கடைசியைப் பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வகுப்பில் பலர் அதைப் பதினெட்டு வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் தாளின் ஏழாவது வாக்கியம். "உர்பெ கப்தா துக்ஸ் ரெதியித்." பிடிபட்ட தளபதி நகரத்துக்குத் திரும்பினான் என்று எழுதி, நான்கு மதிப்பெண்ணையும் இழந்திருக்கிறீர்கள். ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணவர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் திணறுவார்கள். நகரம் என்ற பெயரும் பிடிபட்ட என்ற எச்சமும் சேர்ந்து ஒரே வேற்றுமையில், மீதி வாக்கியத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும். "மழை பெய்ய, பயிர் விளைந்தது" என்ற உதாரணத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே? பெய்வது மழை, விளைவது பயிர். இரண்டு வினைக்கும் இரண்டு எழுவாய். "பெய்ய" என்பது போன்ற செயவென் எச்சம் அதைத் தாங்கிக்கொள்கிறது. "நகரம் பிடிபட, தளபதி திரும்பினான்." லத்தீன் இங்கே செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். சீசரின் போர்க் குறிப்புகளைப் படிக்கத் தொடங்கும்போது பக்கத்துக்குப் பக்கம் இது வரும். முதலில் மனத்துக்குள் "பிடிபட", "கேட்டபின்", "முடிந்ததும்" என்று தமிழில் கொள்ளுங்கள்; ஆங்கிலத்தில் எழுதுவது அதற்குப் பிறகு.

இதே வேற்றுமை வேறு வேலைகளும் செய்யும். "க்லதியோ" என்றால் வாளால். "கும் அமீகோ" என்றால் நண்பனோடு. "ரோமா" என்றால் ரோமிலிருந்து. நம்முடைய மூன்றாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும், சில இடங்களில் ஏழாம் வேற்றுமையும் ஒரே உருபுக்குள் வந்து குடியேறியிருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாடநூல் இதற்கு ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து தலைப்புகள் போட்டிருக்கும். அவற்றை மனப்பாடம் செய்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஆல், ஓடு, இலிருந்து, இல் ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான இடங்கள் பிடிபட்டுவிடும்.

கப்தா என்பதில் நெடில் இருப்பதைக் கவனித்தீர்களா? உங்கள் விடைத்தாளில் நெடில் குறியை ஓர் இடத்திலும் போடவில்லை. புவெல்ல என்றால் சிறுமி என்ற எழுவாய். புவெல்லா என்று கடைசி உயிர் நீண்டால் வேற்றுமையே மாறிவிடுகிறது. வெனித் என்றால் வருகிறான், வேனித் என்றால் வந்தான். ஆங்கிலக் காதுக்கு இது நுணுக்கம். கல்லுக்கும் காலுக்கும் நடுவே வளர்ந்த நமக்கு இது அன்றாடப் பேச்சு. கவிதைக்குப் போகும்போது இன்னும் உதவும். லத்தீன் யாப்பு முழுக்க நீண்ட அசை, குறுகிய அசை என்ற கணக்கில்தான் நடக்கிறது. எனவே ஒவ்வொரு புதுச் சொல்லையும் நெடிலோடு எழுதுங்கள், நெடிலோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த அறையில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதீர்கள்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொன்னால் அது பொய்யாகும். மேசைக்குப் பெண்பால் என்பது நமக்கு விளங்காது. அப்படியே மனத்தில் பதிய வைக்க வேண்டியதுதான். நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். அவர்களோ பெயரைச் சொல்லிவிட்டு, "எவன்", "எது" என்று ஒரு சொல்லைப் போட்டு விளக்கத்தைப் பின்னால் இழுத்துப் போவார்கள். எல்லாவற்றையும் விட, நம் பெயரடை தன் பெயரை ஒட்டியே நிற்கும். லத்தீன் கவிதையில் இரண்டும் பிரிந்து எங்கெங்கோ கிடக்கும். ஹொராத்தியுஸ் என்ற ஹொரேஸின் பாடல்களில், முதல் நூலின் ஐந்தாம் பாடல் இப்படித் தொடங்குகிறது: "க்விஸ் முல்தா க்ரகிலிஸ் தே புவெர் இன் ரொஸா." சொல்லுக்குச் சொல் வைத்தால்: யார், நிறைய, மெலிந்த, உன்னை, இளைஞன், ரோஜாவில். இதைப் பார்த்து எந்த மாணவரும் மிரண்டு போவார். விகுதிகளைக் கவனித்தால் முடிச்சு அவிழும். "நிறைய" போய்ச் சேர்வது கடைசியில் இருக்கும் ரோஜாவோடு. "மெலிந்த" போய்ச் சேர்வது இளைஞனோடு. நடுவில் "உன்னை", அதாவது கவிஞர் பேசும் பெண்ணை. ஆக, அந்தப் பெண்ணைச் சுற்றி இளைஞன், இளைஞனைச் சுற்றி ரோஜாக்கள். அவன் அவளைத் தழுவியிருக்கும் காட்சியைச் சொல்லின் இருப்பிடத்தாலேயே வரைந்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வரியைப் படிக்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

இப்படிச் சிதறியதைச் சேர்க்கும் வேலையும் நமக்குப் புதிதல்ல. செய்யுளின் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர்; நன்னூல் அதில் எட்டு வகை சொல்கிறது. அவற்றில் ஒன்று கொண்டுகூட்டு. பழைய உரைகளைப் புரட்டியிருந்தால், இந்தச் சொல்லை அந்தச் சொல்லோடு கூட்டுக என்ற குறிப்பு அடிக்கடி கண்ணில் பட்டிருக்கும். ஒரு பென்சிலை எடுத்து, லத்தீன் வரியில் எந்தப் பெயரடை எந்தப் பெயரோடு சேரும் என்று வளைகோடு போட்டு, நீங்களே உரையாசிரியராகிவிடுங்கள்.

உங்கள் தோழிகள் சொல்லும் மொழிபெயர்ப்புப் படிப்பைப் பற்றி. அது தாழ்ந்த படிப்பு அல்ல. ரோமானிய வரலாறு, சட்டம், மதம், கலை ஆகியவற்றை மொழிபெயர்ப்பின் வழியாகவே ஆழமாகக் கற்கலாம். உங்கள் ஆசை வரலாற்றில் மட்டும் என்றால், முடிவில் நீங்கள் அங்கே போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று தெரிந்து போக வேண்டும். ரோமானியக் கவிஞர் கதுல்லுஸின் எண்பத்தைந்தாம் பாடலை இங்கே தருகிறேன். இரண்டே வரி.

"ஓதீ எத் அமோ. க்வாரே இத் ஃபகியம், ஃபோர்தாஸ்ஸெ ரெக்வீரிஸ்.
நெஸ்கியோ, செத் ஃபியெரீ செந்தியோ எத் எக்ஸ்க்ருகியொர்."

வெறுக்கிறேன், நேசிக்கிறேன். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று கேட்பாய் போலும். அறியேன். ஆனால் நிகழ்வதை உணர்கிறேன், வதைபடுகிறேன்.

பதினான்கு சொற்கள். அவற்றில் எட்டு வினைகள். ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை. காதலியின் பெயர் இல்லை, "காதல்" என்ற சொல் இல்லை, "வலி" என்ற சொல் இல்லை. செய்கிறேன் என்று தொடங்கியவன் படுகிறேன் என்று முடிக்கிறான். அந்தக் கடைசி வினைக்குள் சிலுவை என்ற சொல் ஒளிந்திருக்கிறது. சிலுவையில் அறையப்பட்டவன் படும் வதை அது. ஆங்கிலத்தில் இதைப் பெயர்த்தால் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் "நான்", "நான்" என்று போட்டாக வேண்டும். கவிதை இரண்டு மடங்கு நீண்டுவிடும். தமிழில் போட வேண்டியதில்லை. இந்தக் கவிஞரின் தொகுப்பு நமக்குக் கிடைத்ததே 1300ஐ ஒட்டி வெரோனா நகரில் தலைகாட்டிய ஒரே ஒரு கையெழுத்துப் படியால்தான். அந்தப் படியும் பிறகு தொலைந்துவிட்டது; அதிலிருந்து எடுத்த பிரதிகள் தப்பின. அப்படித் தப்பி வந்த இரண்டு வரியை அதன் சொந்தச் சொல்லில் படிக்கும் வாய்ப்பு உங்களுக்கு இன்னும் சில மாதங்களில் வாய்க்கப் போகிறது. ஆறாம் வாரத்தில் எழுந்து போனால் அது கைநழுவிவிடும்.

விடுதியில் இருக்கும் ஏழாண்டுக்காரர்கள் உங்களை விட முன்னால் இருக்கிறார்கள், உண்மைதான். அந்த இடைவெளி முதலாண்டில் மூடாது. அவர்கள் வேகமாகப் படிப்பார்கள், நீங்கள் மெதுவாகப் படிப்பீர்கள். ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதை யாரோ உங்களுக்குச் செய்த சலுகையாக நினைக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் எந்தப் பாடத்தில் சேர்வதற்கும் லத்தீன் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியை 1960இல் கைவிட்டார்கள். இன்று கேம்பிரிட்ஜ் செவ்வியல் துறையிலேயே பள்ளியில் லத்தீன் படிக்காதவர்களுக்கென்று நான்காண்டுப் படிப்பு உண்டு; முதலாண்டு பெரும்பாலும் லத்தீனுக்குத்தான். துறைகள் உங்களைப் போன்றவர்களை எதிர்பார்த்துத்தான் பாடத்திட்டம் போடுகின்றன.

எப்படிப் படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். வாக்கியத்தில் வினையைத் தேடி முதலில் ஓடாதீர்கள். வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆங்கில மாணவருக்கு அது ஊன்றுகோல், உங்களுக்குத் தேவையில்லை. தமிழ் வாக்கியத்தில் வினைக்காகக் கடைசி வரை காத்திருக்கப் பழகியவர் நீங்கள். இடமிருந்து வலமாகவே போங்கள். ஒவ்வொரு சொல்லிலும் நின்று, இது "ஐ"யா, "கு"வா, "ஆல்" ஆ என்று தமிழில் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். அந்த ஐந்து வரியையும் மறுநாள் வாய்விட்டுத் திரும்பப் படியுங்கள். சொல் விஷயத்தில், அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி தொகுத்திருக்கும் ஆயிரம் சொற்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணமான ஒரு லத்தீன் பக்கத்தில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு சொற்கள் அந்தப் பட்டியலில் இருப்பவைதான். நாளுக்குப் பத்துச் சொல் என்று வைத்தால் நான்கு மாதத்துக்குள் முடியும். நூலகத்தில் சிவப்பு அட்டை போட்ட லோப் வரிசை நூல்கள் இருக்கும். ஒரு பக்கம் லத்தீன், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். நல்ல நூல்கள்தான். ஆனால் உங்கள் முயற்சி முடிந்த பிறகு சரிபார்க்க மட்டும் திறவுங்கள். எதிர்ப்பக்கத்தை ஒரு தாளால் மூடி வைத்துப் படிப்பவர்கள் தேறிவிடுகிறார்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. ஒரு நாட்டை விட்டு வந்து பிள்ளையைப் படிக்க வைக்கிறவர் அதைக் கேட்காமல் எப்படி இருப்பார்? இந்தப் பட்டத்துக்கென்று காத்திருக்கும் வேலை எதுவும் இல்லை என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். மருத்துவம்போல நேரே ஒரு தொழிலுக்குக் கொண்டுபோய் விடுகிற படிப்பு அல்ல இது. செவ்வியல் படித்தவர்கள் சட்டத்துக்கு மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அரசுப் பணிக்கும் பதிப்பகங்களுக்கும் நூலகங்களுக்கும் போகிறார்கள். 1650களை ஒட்டிய ஒரு பத்தாண்டு நீங்கலாக, 1733 வரை இங்கிலாந்தின் நீதிமன்றப் பதிவுகள் லத்தீனில்தான் இருந்தன. ஆவணக்காப்பகங்களில் அவற்றைப் படிக்க ஆள் வேண்டும். பள்ளி ஆசிரியர் வேலையும் உண்டு. ஆனால் அரசுப் பள்ளிகளில் லத்தீனைப் பரப்ப 2021இல் அறிவித்த நாற்பது லட்சம் பவுண்டு திட்டத்தை 2025 பிப்ரவரியோடு, கல்வியாண்டின் நடுவிலேயே, நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்தியது உங்கள் பள்ளியைப் போன்ற பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன். அம்மாவிடம் இதையெல்லாம் உள்ளபடி சொல்லுங்கள். கூடவே ஒருநாள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உழவனைச் சிறுமி பார்க்கிறாள்" வாக்கியத்தை விளக்கிக் காட்டுங்கள். நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது அவருக்குத் தமிழிலேயே புரியும்.

இன்னொன்று. மூன்றாம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுவழக்கான கொடுந்தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அவரே திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். ஆறு வேற்றுமை உள்ள மொழியில் எழுதுகிறவர் நம் எட்டு வேற்றுமையை எப்படி விளக்கினார்? குறளின் ஏழு சீரை லத்தீன் உரைநடையில் எவ்வாறு இறக்கி வைத்தார்? இந்த இரண்டு மொழியையும் மூலத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் மிகச் சிலரே. இப்போதே அதில் இறங்க வேண்டாம். உங்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி மட்டும் வையுங்கள்.

திங்கட்கிழமை ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் இந்த விடைத்தாளோடு போங்கள். மூன்றாவது வாக்கியத்தையும் ஏழாவது வாக்கியத்தையும் நீங்களே திருத்தி, ஏன் தவறியது என்பதை உங்கள் சொல்லில் அவருக்கு விளக்குங்கள். வாய்மொழியாகப் பத்து வரி படித்துக் காட்ட வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் தர முடியுமா என்று கேளுங்கள்; பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். ஈஸ்டர் வந்த பிறகும் ஒரு வரியோடு உட்கார்ந்திருப்பது உங்களுக்குப் பாரமாக மட்டுமே இருந்தால், அப்போது எழுதுங்கள்; மாறும் வழியைச் சேர்ந்து பார்ப்போம்.

அதற்கு முன்னால் அடுத்த தேர்வுத் தாள் வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள். மதிப்பெண்ணை எழுத வேண்டாம். தவறிய வாக்கியங்கள் மட்டும் போதும்.